ஏழாம் அறை, பதினோராம் கட்டம்

போன மாதம் நான் வேலை பார்த்த ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்தவளாம், பெயர் கவிதா. "சார், எங்க பேட்ச் சேர்ந்து ஒரு சின்ன புக் போடறோம். அந்தக் காலத்துல நீங்கள்லாம் கையாலயே எப்படி சர்வே பண்ணீங்கன்னு ஒரு கட்டுரை எழுதித் தர்றீங்களா?" என்றாள். அந்தக் காலமாம். நான் ரிடையர் ஆகி நாலு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. இப்போது அவர்கள் முக்காலியில் ஒரு மெஷினை வைத்துச் சுற்றவிட்டால் கட்டடம் மொத்தமும் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடுகிறது. நல்லதுதான். மெஷினுக்குக் கோபம் வராது, பஸ்ஸுக்கு நேரமும் ஆகாது.

சரிம்மா என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். "இதான் சார் எங்களுக்கு மாதிரித் தாள். இப்படித்தான் எழுதணும்னு கிளாஸ்ல காட்டினாங்க. எவ்வளவு நீட்டா இருக்குது பாருங்க. கீழ உங்க கையெழுத்து." பெரிதாக்கிப் பார்த்தேன். மரக்காணம் தோணிப் பட்டறை, ஏழாம் அறை. பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். என் வீட்டுக்காரி, "என்னங்க, குழம்புல உப்பு தூக்கலா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கை கழுவினேன்.

அந்தத் தாளில் ஒரு பொய் இருக்கிறது. அதை நான்தான் எழுதினேன். அதை வைத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறார்கள். ஆகவே இது கவிதா கேட்ட கட்டுரையாக இருக்காது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை.

எனக்குத் திண்டிவனம் பக்கம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். ஐ.டி.ஐ.யில் ட்ராஃப்ட்ஸ்மேன் படித்தேன், ஒரு இன்ஜினியரிடம் ஏழெட்டு வருஷம் வீட்டு பிளான் போட்டேன், அப்புறம் அரசு வேலை. பாலம், பள்ளிக்கூடம், கக்கூஸ் என்று என்னென்னவோ வரைந்தேன். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிற பிரிவு. தொழில் என்று நான் எதையாவது கற்றேன் என்றால் அங்கேதான் கற்றேன், அதுவும் ஒரே ஒருவரிடம்.

அவர் எங்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்த லீலாவதி மேடம். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நாங்கள் கொண்டுபோகிற தாளை உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுந்து நின்று, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு கட்டமாகப் பென்சில் முனையை ஓட்டிக்கொண்டே வருவார். தப்பு இருந்தால் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைப்பார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், நாம்தான் மறுபடி இடத்துக்குப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வருஷம் எனக்கு ஒரு தாள் நாலு தடவை திரும்பி வந்தது. நாலாவது தடவைதான் தெரிந்தது, சுவரின் கனத்தைப் பூச்சோடு சேர்த்து அளந்திருக்கிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "மேடம், வாயால சொல்லியிருந்தா மூணு பஸ் மிச்சம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "வாயால சொன்னா நீங்க தாளைத் திருத்துவீங்க நடேசன். இப்பப் போய்ச் சுவரைப் பாத்தீங்க இல்ல?" என்றார்.

இன்னொன்றும் சொல்வார். "சுவரை வச்சுத்தான் சித்திரம் எழுதணும்னு ஊர்ல சொல்வாங்க. நம்ம வேலை தலைகீழ். நாம எழுதற சித்திரத்தை நம்பித்தான் நாளைக்கு ஒருத்தன் சுவருகிட்ட போய் நிப்பான்." இதை அவர் சொன்னபோதெல்லாம் நான் தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு என்ன செலவு?

இனி மரக்காணத்துக்கு வருகிறேன். உப்பளத்துக்கும் கால்வாய்க்கும் நடுவில் தோணிப் பட்டறை என்று ஒரு பேட்டை இருந்தது. ஒரு காலத்தில் அளத்து உப்பு கால்வாய் வழியாகத் தோணியில்தான் மெட்ராஸுக்குப் போனது. அந்தத் தோணிகளைக் கட்டிய இடம் அது. கால்வாயைப் பார்த்தபடி வரிசையாக ஒன்பது அறை, ஒவ்வொன்றும் ஒரு தோணி படுக்கிற நீளம். பக்கத்தில் கொல்லுப் பட்டறை, கீல் காய்ச்சுகிற கொட்டகை, மரக் கிடங்கு. லாரி வந்ததும் தோணி நின்றது, பட்டறையும் நின்றது. அப்புறம் ஆளுக்கொரு அறையாக வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஆறாம் அறையில் வலை போட்டு வைத்திருந்தார்கள். எட்டாம் அறை சும்மா கிடந்தது. ஏழாம் அறையில் மட்டும் எத்தனையோ காலமாக உப்பு மூட்டைதான், ஒரு கை மாறினால் இன்னொரு கை.

அந்தப் பேட்டை முழுவதையும் புதுப்பிக்க ஒரு திட்டம் வந்தது. மியூசியம், கைவினைக் கடை, கால்வாய் ஓரம் நடைபாதை, காபிக் கடை. பாண்டிச்சேரிக்கும் ஆரோவில்லுக்கும் வருகிற கூட்டம் ஈ.சி.ஆரில் அரை மணி கூட ஓட்டி வந்து இங்கேயும் இறங்கும், ஊர் பிழைக்கும் என்று கணக்கு. பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். மேடையில் ஒரு அதிகாரி, "உங்க ஊரோட பழைய பெருமை திரும்பி வரப்போகுது" என்று பேசினார். உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு அம்மா எழுந்து, "பெருமை வர்றது இருக்கட்டுங்க, தண்ணி லாரி எப்ப வரும்?" என்று கேட்டது. கூட்டம் சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

ஒரு அறைக்கு ஒரு தாள், ஒரு தாளில் பதினாலு கட்டம். நீளம், அகலம், உத்திரம், ஓடு என்று எல்லாம் உண்டு. எல்லாவற்றிலும் முக்கியம் பதினோராம் கட்டம். அதற்குத் தலைப்பு 'தட்டிப் பார்த்தல்'. இந்தக் கரையில் சுவரைத் தின்பது மழை இல்லை, உப்பு. தரையிலிருந்து ஈரம் ஏறும், ஈரத்தோடு உப்பும் ஏறும். இடுப்பு உயரம் வரைக்கும் வந்து, அங்கே காய்ந்து, செங்கல்லை உள்ளேயே மாவாக்கிவிடும். வெளியே சுண்ணாம்புப் பூச்சு மட்டும் கல்யாண வீடு மாதிரி நிற்கும். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலை எடுத்து, கணுக்காலிலிருந்து இடுப்பு வரை ஜாணுக்கு ஒரு தட்டு தட்ட வேண்டும். கெட்டிச் சுவர் ணங்கென்று திருப்பிக் கொடுக்கும். பொக்குச் சுவர் பொத்தென்று வாங்கிக்கொள்ளும். கெட்டி என்றால் கட்டத்தில் டிக். பொக்கு என்றால் சுழி. சுழி விழுந்த அறையில் சவுக்குக் கழிகளால் முட்டுக் கொடுத்த பிறகுதான் யாரும் எதிலும் கை வைக்கலாம். டிக் விழுந்த அறைக்கு முட்டு வேண்டாம்.

பன்னிரண்டாம் கட்டம் பிற்சேர்க்கை. அதாவது கட்டடம் எழும்பிய காலத்தில் இல்லாமல் பிற்பாடு யாரோ சேர்த்தது. சிமெண்டில் எது இருந்தாலும் பிற்சேர்க்கை. சுவர் கெட்டி என்று பதினோராம் கட்டம் சொன்னால், பிற்சேர்க்கையை எடுத்துவிட்டுக் கட்டடத்தைப் பழையபடி ஆக்க வேண்டும். விதி அதுதான்.

ஏழாம் அறைக்கு நான் போனது ஒரு வியாழக்கிழமை. அறையை வாடகைக்கு எடுத்திருந்தவர் காதர் பாய். கூனிமேட்டுக்காரர். சவுதியில் பதினஞ்சு வருஷம் கொத்தனாராக இருந்துவிட்டுத் திரும்பி வந்து, அளத்தில் உப்பு எடுத்துப் பொட்டலம் போட்டுக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஏழெட்டு வயசு சின்னவர். நான் உள்ளே போனதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ சொல்லி அனுப்பினார். அறை நடுவில், உத்திரத்துக்கு அடியில், சிமெண்டுக் கல்லில் ஒரு தூண் நின்றது. பூசாத தூண், ஆனால் நூல் பிடித்த மாதிரி இருந்தது.

"இது யாரு கட்டினது பாய்?"

"நான்தான் சார். அந்தக் கால்வாய்ப் பக்கத்துச் சுவரு இருக்குது பாருங்க, அதுக்குள்ள ஒண்ணுமில்ல. உத்திரம் அது மேலதான் குந்திட்டு இருக்குது. அந்தச் சுவரு போனா எல்லாம் போயிடும். அதான் பாரத்தை இதும்மேல வாங்கிக்கிட்டேன்."

"அதுக்குள்ள ஒண்ணுமில்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆணி அடிச்சேன் சார். மாவுல எறங்குற மாதிரி எறங்கிச்சு."

அந்தச் சுவரைத் தட்டிப் பார்க்கப் போனேன். முடியவில்லை. அந்தப் பக்கம் நீளத்துக்கு உப்பு மூட்டை, மார்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தது. மூட்டைக்கு மேலே தெரிந்த சுவரைத் தட்டினேன், ணங்கென்றது. அது ணங்கென்றுதான் சொல்லும், உப்பு அவ்வளவு உயரம் ஏறாது. தட்ட வேண்டிய இடம் மூட்டைக்குப் பின்னால் இருந்தது.

"நாளைக்கு வாங்க சார். ரெண்டு ஆளை வச்சு நகர்த்தித் தர்றேன்" என்றார் காதர் பாய்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் ஒன்பது தாளும் மேடம் கைக்குப் போக வேண்டும், சென்னையிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். எனக்கு இன்னும் இரண்டு அறை பாக்கி. அதோடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு எரிச்சல். பத்து வருஷமாகச் சுவரைத் தட்டுகிறவன் நான், ஒரு உப்பு வியாபாரி எனக்குச் சுவர் பாடம் எடுக்கிறார். "நீங்க சொல்றதை எழுத இதுல கட்டம் இல்லை பாய்" என்றேன். அவர், "எங்கயாச்சும் ஓரத்துலயாவது எழுதிக்குங்க சார்" என்றார். ஓரத்தில் எழுதினால் தாள் அசிங்கமாகிவிடும். நான் எழுதவில்லை. அதனால்தான் இன்றைக்கு அது மாதிரித் தாள்.

அடுத்த நாள் எட்டாம் அறையும் ஒன்பதாம் அறையும் முடித்தேன். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து தாள்களைச் சரிபார்த்தேன். ஆறாம் அறை கெட்டி, எட்டாம் அறை கெட்டி. இரண்டு பக்கமும் கெட்டி என்றால் நடுவில் இருப்பது மட்டும் எப்படிக் கெட்டுப்போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழாம் அறை, பதினோராம் கட்டம், ஒரு டிக். பன்னிரண்டாம் கட்டம், சிமெண்டுத் தூண், அகற்றலாம். ஆறிலும் எட்டிலும் உப்பு வைத்ததே இல்லை என்பதும், ஏழில் உப்பைத் தவிர வேறு எதுவும் வைத்ததில்லை என்பதும் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டே போட்டேன். அப்போது தட்டிப் பார்க்க ஏழாம் அறைக்குத் திரும்பி நடந்திருந்தால் பத்து நிமிஷம். காதர் பாய் அன்று காலையிலேயே மூட்டையை நகர்த்தி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தாராம். அது எனக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது.

சாயங்காலம் மேடம் ஜன்னல் பக்கம் நின்று தாள்களைப் பார்த்தார். ஏழாம் அறைக்கு வந்ததும் பென்சில் நின்றது. "போன வாரம் நான் போனப்ப இந்தப் பக்கம் மூட்டை இருந்துதே?"

"நகர்த்திட்டாங்க மேடம்."

"தட்டினீங்களா?"

"தட்டினேன் மேடம்."

பென்சில் அடுத்த கட்டத்துக்குப் போனது. புள்ளி வைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒன்பது தாளில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

திட்டம் நடக்க ஆரம்பித்தது. வாடகைக்கு இருந்தவர்களைக் காலி செய்யச் சொன்னார்கள், வேலை முடிந்ததும் கடை தருகிறோம் என்றார்கள். காதர் பாய்க்கு மூட்டை வைக்க இடமில்லை, வியாபாரம் படுத்துவிட்டது. உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று திட்டத்தில் இருந்ததால் கான்ட்ராக்டர் அவரைக் கொத்தனாராகச் சேர்த்துக்கொண்டார். சுண்ணாம்பு வேலை அவருக்குப் புதிது, இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தால், "என்ன சார், நம்ம அறை பாஸாயிடுச்சாமே" என்பார். கிண்டலா நிஜமா என்று தெரியாத மாதிரி சொல்வார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று, அதையும் சொல்ல வேண்டும்.

அன்று காலை பத்து மணி இருக்கும். சைட் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். காதர் பாய் கையில் கடப்பாரையோடு வந்தார்.

"சார், ஒரு நிமிஷம். ஏழாம் நம்பர்ல தூணை எடுக்கச் சொல்றாங்க."

"ஆமா, லிஸ்ட்ல இருக்குது."

"முட்டு இல்லாம எடுக்கச் சொல்றாங்க. சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன், தாள்ல டிக் இருக்குது, முட்டு வேணாங்கறாரு." அவர் கொஞ்சம் தயங்கினார். "அன்னிக்கு மூட்டையை நகர்த்தி வச்சேன், நீங்க வரல. அப்புறம் ஒரு நாள் வந்து தட்டிப் பாத்தீங்களா சார்?"

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்கலாம் என்று எனக்குத் தெரியும். இல்லை பாய், இருங்க, கொட்டாப்புளியை எடுத்துட்டு வர்றேன் என்று ஒரு வார்த்தை. சூப்பர்வைசர் பக்கத்தில்தான் நின்றார். தாள் சென்னை வரைக்கும் போய் கையெழுத்தாகி வந்துவிட்டது. இப்போது இல்லை என்றால் ஒன்பது தாளையும் சந்தேகப்படுவார்கள். எனக்கு ரிடையர்மெண்ட் நெருங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தேன் பாய். கெட்டியாத்தான் இருக்குது" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "நீங்க கட்டினதுங்கறதால உடைக்க மனசு வரலையா?" என்று வேறு கேட்டேன்.

அவர் சிரித்தார். "அதுவும் இருக்குது சார்" என்றார். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

நான் முதல் அறைக்குப் போய்க் கதவு நிலையை அளந்துகொண்டிருந்தேன். கடப்பாரைச் சத்தம் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றது. அப்புறம் வந்தது இடி மாதிரி சத்தம் இல்லை. லாரியிலிருந்து மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுகிற சத்தம். வெளியே ஓடி வந்தபோது ஏழாம் அறை வாசலில் வெள்ளையாகப் புகை நின்றது. கூட வேலை செய்த இரண்டு பேர் வாசல் பக்கம் இருந்ததால் தப்பித்தார்கள். உத்திரம் காதர் பாய் மேல் கிடந்தது. ஓடுகளை எடுத்து, உத்திரத்தை நெம்பி, அவரை வெளியே எடுக்கும்போது உயிர் இல்லை.

அவரை எடுத்துப்போன பிறகு நான் அந்தச் சுவர் நின்ற இடத்தில் உட்கார்ந்தேன். இடுப்பு உயரத்துச் செங்கல் ஒன்றைக் கையில் எடுத்தேன். விரலால் அழுத்தினேன், உதிர்ந்தது. கொட்டாப்புளி தேவைப்படவில்லை.

கூனிமேட்டுப் பள்ளிவாசலில் அடக்கம் நடந்தது. நான் தெருமுனை வரைக்கும் போனேன். எதிரில் வந்த டவுன் பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன்.

விசாரணை ஒரு வாரம் கழித்து நடந்தது. விசாரிக்க வந்தவர் மேஜைமேல் ஏழாம் அறைத் தாளை வைத்திருந்தார். சூப்பர்வைசர், தாளில் டிக் இருந்தது என்றார், காதர் பாய் முட்டு கேட்டதைச் சொல்லவில்லை. என்னைக் கேட்டார்கள். தட்டினேன், கெட்டியாக இருந்தது என்று மூன்றாம் தடவை சொன்னேன், காதர் பாய் என்னிடம் வந்து கேட்டதை மறைத்துவிட்டேன். லீலாவதி மேடம் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூட்டையைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சுவர் கெட்டியாக இருந்தது என்றால் பிறகு எப்படி விழுந்தது? ஒரே பதில்தான் மிச்சம். தூணை மேலிருந்து இறக்காமல் அடியில் குத்தியிருக்கிறார், யாரையும் கலந்துகொள்ளாமல் அவசரப்பட்டு வேலை செய்திருக்கிறார், தொழிலாளியின் கவனக்குறைவு. அப்படித்தான் எழுதினார்கள். பதினஞ்சு வருஷம் வெளிநாட்டில் கட்டடம் கட்டிய கொத்தனாரைப் பற்றி அப்படி எழுதினார்கள். அவருடைய சம்சாரம் மெஹருன்னிசா இத்தாவில் இருந்தது, புருஷன் இறந்து நாலு மாதம் பத்து நாள் வெளியே வர முடியாது. ஆகவே வீட்டுப் பக்கத்திலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. பேப்பரை அவர்கள் வீட்டுக்குத் தபாலில் அனுப்பினார்கள்.

ஆபீஸில் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் சார் என்றான் ஒருவன். எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. சறுக்கினால் பரவாயில்லையே. நான் உட்கார்ந்து, யோசித்து, பேனா மூடியைக் கழற்றி டிக் போட்டவன்.

தோணிப் பட்டறை இப்போது அழகாக இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சனி ஞாயிறு கார் நிற்க இடமில்லை. கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். திறப்பு விழாவுக்கு எனக்கும் பத்திரிகை வந்தது, நான் போகவில்லை. கவிதா அந்தப் போட்டோவை அனுப்பிய பிறகு மூன்று நாள் அதையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். நாலாம் நாள் மரக்காணம் பஸ் ஏறினேன்.

அன்று பார்வையாளர் கிடையாது, மியூசியத்துக்கு வார விடுமுறை. மெஹருன்னிசா அங்கேதான் துப்புரவு வேலை செய்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏழாம் அறையில் தரை துடைத்துக்கொண்டிருந்தது. நான் அறையைப் பார்த்தேன். கால்வாய்ப் பக்கம் புதுச் சுவர். நடுவில், காதர் பாய் தூண் நின்ற அதே இடத்தில், இம்மி பிசகாமல், சாம்பல் பெயிண்ட் அடித்த இரும்புத் தூண். பக்கத்தில் ஒரு போர்டு: 'கட்டடத்தின் உறுதிக்காகச் சேர்க்கப்பட்ட புதிய தூண்.' அதை இரண்டு தடவை படித்தேன்.

"யாருங்க? இன்னிக்கு லீவுங்க" என்றது அந்த அம்மா.

யார் என்று சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டை, பஸ் ஸ்டாப், டிக், சைட் வாசலில் சொன்ன பொய். ஒன்றையும் விடவில்லை. அந்த அம்மா துடைப்பக் கட்டையைப் பிடித்தபடியே நின்று கேட்டது. நான் முடித்ததும் என்னைத் திட்டும் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"அப்ப அவரு உங்களை வந்து கேட்டாரா?" என்றது.

"கேட்டாரும்மா."

"கடப்பாரையை எடுக்கறதுக்கு முன்னாடியே?"

"முன்னாடியே. நான்தான் பாத்தேன்னு சொன்னேன்."

அது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. நானும் எதிரில் ஈரத் தரையில் உட்கார்ந்தேன்.

"முதல் நாளே வீட்ல பேச்சு வந்துச்சு சார். அந்தச் சுவரை நம்ப முடியாது மெஹர், நாளைக்கு சாரைக் கேட்டுட்டுத்தான் கை வைப்பேன்னாரு. கண்டிப்பா கேளுங்கன்னேன். சத்தியம் வாங்கிக்கிட்டேன். அப்புறம் அந்தப் பேப்பர் வந்துச்சு. யாரையும் கேக்காம அவசரப்பட்டு வேலை செஞ்சாருன்னு. எம் பொண்ணுதான் படிச்சுக் காட்டுச்சு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது. "எங்கிட்ட சத்தியம் பண்ணிட்டு, கேக்காமப் போய்ச் செத்துட்டாருன்னு இருந்தேன் சார். இத்தனை வருஷமா. மவுத்தான மனுஷன் மேல கோவமா இருந்தேன். துவா கேக்கறப்பக்கூட அந்தக் கோவம் போகல. அவரு பேரைச் சொன்னா எம் பொண்ணு எழுந்து போயிடும். பொறுப்பில்லாத அப்பான்னு."

நான் மன்னிப்பு என்ற வார்த்தையை எடுத்தேன். அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தியது.

"அது அல்லாவுக்கும் உங்களுக்கும். என்கிட்ட கேக்காதீங்க, என்கிட்ட இல்ல. நீங்க எழுதின தாள்ல போய் மாத்தி எழுதுங்க. அவரு கேட்டாருன்னு எழுதுங்க. எம் பொண்ணு படிக்கணும்."

அன்றைக்கே ஆபீஸுக்குப் போனேன். கவிதா தாளை எடுத்துக் காட்டினாள், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. ஒரு பேனாவைக் கொடும்மா என்றேன். அவள் பயந்துபோய் இப்போதிருக்கும் அதிகாரியைக் கூப்பிட்டாள். நான் சொன்னதை அவர் மரியாதையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "முடிஞ்சு போன ஃபைல் சார். மூடின ரெக்கார்டுல யாரும் கை வைக்க முடியாது. நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றார். வாசல் வரை கூட வந்த கவிதா, "அப்ப எங்க கட்டுரை சார்?" என்று கேட்டாள். எழுதித் தர்றேன், போடறதும் போடாததும் உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். இன்னொன்று கூனிமேட்டுக்குப் போகிறது, காதர் பாயின் மகள் பெயருக்கு. இதற்காக என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சரி. உப்பைத் தின்றவன் தண்ணி குடித்துத்தான் ஆக வேண்டும்.

தாளில் எழுத விடாததால் திருத்தத்தை இங்கே எழுதுகிறேன். மரக்காணம் தோணிப் பட்டறை, ஏழாம் அறை, பதினோராம் கட்டம்: டிக் தவறு. நான் தட்டவில்லை. பன்னிரண்டாம் கட்டம்: தூண் அவசியமானது, கட்டியவர் காதர் பாய், சரியாகக் கட்டியிருந்தார். ஓரத்தில் எழுத வேண்டியது: அவர் கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார்.